பென்ஷன் பணத்தில் கை வைப்பதற்கு முன்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியிலும் தோல் ஷாப்பிலும் வேலை செய்கிற நமக்கு வயதான காலத்துக்கென்று இருப்பது பி.எஃப். ஒன்றுதான். அதில் 58 வயதுக்கு மேல் மாதாமாதம் கைக்கு வருவது 1995-ல் வந்த இ.பி.எஸ். என்ற தொழிலாளர் பென்ஷன் திட்டத்தின் பணம். அதை நம்பிக் காலம் தள்ள முடியுமா என்பதுதான் இப்போது என் கவலை.

போனில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். நம் பங்கு, கம்பெனி பங்கு, பென்ஷன் என்று மூன்று பத்தி இருக்கும். முதல் இரண்டுக்கும் வருஷா வருஷம் வட்டி ஏறும், மூன்றாவதற்கு ஏறாது, ஏனென்றால் பென்ஷன் எவ்வளவு என்று, போட்ட பணத்தை வைத்துக் கணக்குப் பார்ப்பதில்லை. கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்கிறார்கள். 2014-க்கு முன்னால் கடைசி 12 மாதச் சராசரிதான் கணக்கு, அதை மாற்றியதில் நமக்குக் குறைந்ததுதான் மிச்சம். சராசரி 12,000, சர்வீஸ் 15 வருஷம் என்றால் 2,571 ரூபாய் வரும். அகவிலைப்படி கிடையாது, அதனால் விலைவாசி எங்கே போனாலும் அதே 2,571 தான்.

குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014-ல் வைத்தார்கள். 2025 கடைசி வரைக்கும் அதே 1,000 தான். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகையே 2023-ல் 1,200 ஆகிவிட்டது. வருஷக்கணக்காக மெஷினில் குனிந்து முதுகு போனவர்களுக்கு அதைவிடக் குறைவா? எனக்கு மனசு ஆறவில்லை.

எங்கள் ஸ்டிச்சிங் லைனில் ஒரு அக்கா, கம்பெனி மாறும்போதெல்லாம் பென்ஷன் பணத்தையும் சேர்த்து செட்டில்மென்ட் வாங்கிவிட்டார். ஒரு தடவை மகள் கல்யாணத்துக்கு, ஒரு தடவை வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த சர்வீஸ் அழிந்துபோகும், பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேண்டும், இனி அவருக்கு அது எட்டாது.

2025 அக்டோபரில் பி.எஃப். வாரியத்தில், வேலை விட்ட பிறகு பென்ஷன் பணத்தை எடுக்க 2 மாதத்துக்குப் பதில் 36 மாதம் காத்திருக்க வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். பென்ஷன் உரிமை போகாமல் இருக்கத்தான் என்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2025-ல் அமெரிக்கா நம் ஏற்றுமதிச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்ட பிறகு எந்த ஆர்டர் எப்போது நிற்கும் என்று தெரியாத தொழில் இது, வேலை போய் வீட்டில் உட்கார்ந்தவர் மூன்று வருஷம் எதை வைத்து அடுப்பு மூட்டுவார்? எடுக்க விடாவிட்டால் சரி, அப்புறம் கொடுக்கிற பென்ஷனாவது சோறு போட வேண்டாமா?

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். கம்பெனி மாறினால் பணத்தை எடுக்காதீர்கள், கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். நம்பரான அதே யு.ஏ.என். நம்பரில் பழைய சர்வீஸை டிரான்ஸ்ஃபர் செய்யுங்கள். வேலை விட்ட தேதியை பழைய கம்பெனி ஏற்றியிருக்கிறதா, பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று இந்த வாரமே பாருங்கள். தப்பு இருந்தால் கம்பெனி ஓடிக்கொண்டிருக்கும்போதே எச்.ஆரைப் பிடித்துத் திருத்திவிடுங்கள், மூடிய கம்பெனியின் கையெழுத்துக்கு அலைவது பெரிய பாடு.