பணம் வந்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை

எட்டாம் செமஸ்டர் ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. அரியர் இல்லை. முதல் நாள் அழுதேன், இரண்டாம் நாள் தூங்கினேன். மூன்றாம் நாள் காலையில் பக்கத்து வீட்டுப் பாப்பா நோட்டும் பேனாவுமாக வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இந்த வருஷம் இன்ஜினியரிங் கவுன்சலிங். "அக்கா, எந்த ஸ்காலர்ஷிப் எப்படிப் போடறதுன்னு சொல்லுங்க." அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சொல்லும்போது வந்த கோபத்தையும் சேர்த்து.

முதலில் என் கதை. பள்ளிபாளையம். அப்பாவுக்குச் சொந்தமாக நாலு தறி இருந்த காலத்தில் என்னை மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்த்தார்கள். எட்டாவது முடிக்கும்போது தறி நாலும் போய்விட்டது, அப்பா கூலிக்கு ஓட்டப் போனார். ஒன்பதாவதிலிருந்து நான் அரசுப் பள்ளி. இந்த ஆறு, ஏழு, எட்டு இருக்கிறதே, அந்த மூன்று வருஷம் எனக்கு எதை எதையெல்லாம் மூடியது என்று கவுன்சலிங் நேரத்தில்தான் தெரிந்தது. 7.5 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அதில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடுகிறது. 2022 செப்டம்பரில் கல்லூரி மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டம் வந்தது, மாதம் 1,000 ரூபாய். அதற்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு. ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்ட இலவச சீட்டில் தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. நான் ஃபீஸ் கட்டிப் படித்தவள். ஆக, இல்லை.

முதல் பட்டதாரி சலுகை? அண்ணன் வாங்கிவிட்டான். ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான். வீட்டில் இரண்டு பேர் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதை முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள். மூத்தவன் குறைந்த ஃபீஸ் உள்ள கல்லூரியில் அந்தச் சான்றிதழைச் செலவழித்துவிட்டு, இளையவள் சுயநிதி இன்ஜினியரிங் கல்லூரியில் முழுசாகக் கட்டுவது எங்கள் வீட்டுக் கூத்து. அண்ணன் மேல் வருத்தமில்லை. யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மிஞ்சியது இரண்டு. வங்கிக் கடன். பிறகு, மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை. என்எஸ்பி என்கிற தேசிய உதவித்தொகைத் தளத்தில் 'சென்ட்ரல் செக்டார்' என்று இருக்குமே, அது. பன்னிரண்டாம் வகுப்பில் மேலே இருக்கும் இருபது சதவீதத்துக்குள் வர வேண்டும், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாங்கள் பரீட்சையே எழுதாத 2021 பேட்ச். பத்தாவது மார்க்கில் 50, பதினொன்றில் 20, பன்னிரண்டில் 30 என்று சதவீதம் போட்டுக் கொடுத்தார்கள். பத்தாவதில் விழுந்து விழுந்து படித்தது அப்படி ஒரு வழியில் உதவியது. இப்போது முதல் மூன்று வருஷம் ஆண்டுக்கு 12,000, நாலு வருஷப் படிப்பென்றால் நாலாம் வருஷம் 20,000. வேறு அரசு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்கினால் இது கிடையாது. எது பெரியது என்று கணக்குப் போட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

கல்விக் கட்டணம் 55,000 கடனிலிருந்து நேராகக் கல்லூரிக்குப் போனது. பஸ் ஃபீஸ், எக்ஸாம் ஃபீஸ், ரெக்கார்டு, புத்தகம், 'டிரெயினிங்' என்று ஒரு தண்டம், இதெல்லாம் கையிலிருந்து. 12,000 என்பது சிலருக்குச் சின்னப் பணம். எங்கள் வீட்டில் அதுதான் பஸ்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

முதல் இரண்டு வருஷமும் பணம் ஒழுங்காக என் பள்ளிக்கூடத்துக் கணக்கில் ஏறியது. மூன்றாம் வருஷம் 2024 ஜனவரியில் அப்பாவுக்குத் தறி பெல்ட்டில் இடது கை மாட்டி இரண்டு விரலில் எலும்பு முறிந்தது. கூலி நின்றது. மார்ச்சில் என்னோடு விண்ணப்பித்த தோழிக்குப் பணம் வந்தது, எனக்கு வரவில்லை. ஏப்ரலிலும் வரவில்லை. வங்கிக்கு இரண்டு முறை போனேன், "வந்தா ஏறிடும்மா" என்றார்கள். "ஆதார் லிங்க் ஆகியிருக்குங்களா?" என்று கேட்டேன். "ஆகியிருக்கு" என்றார்கள். பொய்யில்லை. ஆகித்தான் இருந்தது.

பஸ் ஃபீஸ் பாக்கி இருந்ததால் ஹால் டிக்கெட்டை ஆபீஸில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது, மூணு வட்டி. காதில் விளக்கமாற்றுக் குச்சி சொருகிக்கொண்டு அம்மா மில்லுக்குப் போனதைப் பார்த்துக்கொண்டே ஆறாம் செமஸ்டர் எழுதினேன்.

ஜூலையில் மூன்றாம் முறை வங்கிக்குப் போனபோது கவுண்டரில் புதிதாக ஒரு அக்கா. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "உன் ஆதார் எங்ககிட்ட லிங்க் ஆகியிருக்கு சாமி, ஆனா சீட் ஆகல. வேற பேங்க் பேரு காட்டுது பாரு." காட்டிய பெயர் ஒரு பேமென்ட்ஸ் வங்கி. வாழ்நாளில் நான் அதன் வாசலை மிதித்ததில்லை.

வீட்டுக்கு வரும் வழியில்தான் பொறி தட்டியது. முந்தைய வருஷம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடையில் சிம் வாங்கினேன். கைரேகை வைத்தேன். "சர்வர் சரியில்லம்மா, இன்னொருக்கா வை" என்றார். இன்னொருக்கா வைத்தேன். அந்த இன்னொருக்காவில்தான் எனக்கே தெரியாமல் அந்த வங்கியில் என் பெயரில் கணக்குத் திறந்திருக்கிறது.

நடப்பது இதுதான். இந்த உதவித்தொகைப் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை, ஆதார் எண்ணைப் பார்த்துப் போகிறது. வங்கிகளுக்கு இடையே பணம் போக வழி செய்யும் என்பிசிஐ நிறுவனம் வைத்திருக்கும் பட்டியலில் ஓர் ஆதாருக்கு ஒரே ஒரு வங்கிதான் இருக்கும். கடைசியாக எது சீட் ஆனதோ அது. நீங்கள் விண்ணப்பத்தில் எந்த பாஸ்புக்கை ஸ்கேன் செய்து போட்டிருந்தாலும் பணம் அங்கேதான் போகும். வங்கியில் 'ஆதார் லிங்க்' என்று சொல்வது கேஒய்சிக்காக, அதாவது நீங்கள் யார் என்று உறுதி செய்ய, எண்ணைக் குறித்து வைத்திருப்பது. அது பத்து வங்கியில் இருக்கலாம். 'சீடிங்' வேறு. 'மேப்பிங்' என்றும் சொல்வார்கள். கேட்கும்போது "லிங்க் ஆயிருக்கா" என்று கேட்காதீர்கள். "டிபிடிக்கு சீட் ஆயிருக்கா" என்று கேளுங்கள். டிபிடி என்றால் அரசுப் பணம் நேராக நம் கணக்குக்கு வருவது. இந்த ஒரு வார்த்தைக்குத்தான் தோடு போனது.

இன்றே செய்ய வேண்டியது:

ஆதார் தளத்தில் உள்ளே போய் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள். வங்கியின் பெயரும் 'ஆக்டிவ்' என்றும் வரும்.

ஓடிபி வர ஆதாரில் உள்ள செல் நம்பர் உயிரோடு இருக்க வேண்டும். அப்பாவின் பழைய நம்பரைக் கொடுத்துவிட்டு ரீசார்ஜ் செய்யாமல் விட்டவர்கள் நிறைய.

வேறு வங்கி காட்டினால் உங்கள் வங்கியில் சீடிங் படிவம் கேட்டு வாங்குங்கள். பழைய வங்கியின் பெயரைக் குறிப்பிட்டு இங்கே மாற்றச் சொல்லும் கட்டம் அதில் இருக்கும்.

ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். நான் இப்போதும் பார்க்கிறேன், பணம் வர வேண்டியது எதுவுமே இல்லாதபோதும்.

பணம் வரவில்லையென்றால் அரசு அனுப்பிய பணத்தைக் காட்டும் பிஎஃப்எம்எஸ் தளத்தில் பேமென்ட் டிராக் செய்யுங்கள். 'கிரெடிட்' என்று காட்டினால் எங்கோ போயிருக்கிறது என்று அர்த்தம்.

சிம் கடையில், ரேஷன் தவிர வேறு எங்கேயும், இரண்டாம் முறை கைரேகை வைக்காதீர்கள்.

சரி, மற்றவை.

என்எஸ்பியில் 'சப்மிட்' கொடுத்தால் முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். கல்லூரி நோடல் ஆபீசர் சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் அது விண்ணப்பம். உங்கள் கல்லூரியில் அவர் யார் என்று முதல் வாரமே கண்டுபிடியுங்கள். எங்கள் கல்லூரியில் அவர் லைப்ரரிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கிளாஸ் எடுப்பவர், இதையும் பார்ப்பவர். கடைசி தேதிக்கு முந்தைய நாள் போனால் கத்துவார், நியாயம்தான். போன் செய்யாதீர்கள், நேரில் போய் நில்லுங்கள். நிற்பது எனக்கு வரும், பேசுவது வராது. உங்களுக்கு எது வருமோ அதைச் செய்யுங்கள். புதுப்பிப்பதையும் ஒவ்வொரு வருஷமும் நீங்களேதான் போட வேண்டும். 50 சதவீத மார்க், 75 சதவீத வருகை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த பதினொரு நாளில் எனக்கு வருகை 76-க்கு இறங்கியது. லீவு போடும் முன் எண்ணிக்கொள்ளுங்கள்.

இனிஷியல். ஆதாரில் பின்னால், மார்க் ஷீட்டில் முன்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக. மூன்றையும் பன்னிரண்டாவது லீவிலேயே ஒன்றாக்கிவிடுங்கள்.

வருமானச் சான்றிதழ் இ-சேவையில் 60 ரூபாய். அதில் போட்ட தொகையைத்தான் எல்லா விண்ணப்பத்திலும் எழுத வேண்டும். ஒன்றில் 72,000, இன்னொன்றில் 96,000 என்று எழுதிவிட்டு அப்புறம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

கடன் பற்றி. நாலு லட்சம் வரை ஜாமீன் சொத்து கேட்க மாட்டார்கள், பெற்றோர் ஒருவர் கூடக் கையெழுத்துப் போட்டால் போதும். வித்யாலட்சுமி தளத்தில் போட்டுவிட்டுக் கிளைக்கும் நேரில் போங்கள். அப்பாவின் பெயரில் தறிக் கடன் பாக்கி இருந்ததால் சிபில், அதாவது கடன் மதிப்பெண், அடி வாங்கியிருந்தது. மகளிர் குழுவில் ஒரு தவணை தவறாமல் கட்டிய அம்மாவைச் சேர்த்துத்தான் வாங்கினோம். வட்டி மானியம் ஒன்று இருக்கிறது: தொழிற்படிப்பு, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால், படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் வட்டியை மத்திய அரசு கட்டும். ஆனால் கல்லூரிக்கு நாக் அல்லது உங்கள் பாடப்பிரிவுக்கு என்பிஏ என்ற தர அங்கீகாரம் இருக்க வேண்டும். கவுன்சலிங்கில் சாய்ஸ் நிரப்பும்போது எல்லோரும் பிளேஸ்மென்ட் பார்ப்பார்கள். நீங்கள் இதையும் பாருங்கள்.

அப்பா தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்திருந்தால் பிள்ளைகள் படிப்புக்கும் உதவித்தொகை உண்டு. எங்கள் அப்பாவின் விசைத்தறி வாரிய அட்டை காலாவதியாகி சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. அடிபட்ட பிறகு எடுத்துப் பார்த்தோம்.

படிப்பின் நடுவில் கஷ்டம் வந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை அரசுத் திட்டங்கள் பெரும்பாலும் சேரும் வருஷத்தில் ஏழையாக இருப்பவர்களுக்கானவை. மூன்றாம் வருஷம் ஏழையானால் கேட்க இடமில்லை. அப்போது அறக்கட்டளைதான். ஈரோட்டில் ஒன்றுக்குக் கடிதம் எழுதினேன். கூப்பிட்டார்கள். கேட்டது மூன்றே கேள்வி: எவ்வளவு குறைகிறது, எந்தத் தேதிக்குள், இதுவரை யாரிடம் கேட்டாய். கஷ்டத்தை விவரிக்கத் தயாராகப் போயிருந்தேன், அதைக் கேட்கவே இல்லை. தொகையைச் சில்லறையோடு எழுதிக்கொண்டு போங்கள். "ஏதாவது உதவி" என்று எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

பிறகு வீட்டைப் பார்க்க வந்தார்கள். அம்மா டிவியைப் போர்வை போட்டு மூடிவிட்டாள். வந்த பெரியவர் போர்வையைப் பார்த்தார். "கலைஞர் கொடுத்த இலவச டிவிதானே, மூட வேண்டியதில்லைம்மா" என்றார். எதையும் மறைக்காதீர்கள், அவர்கள் நூறு வீடு பார்த்தவர்கள்.

அடுத்த பாதி பஸ் ஃபீஸை அவர்கள் நேராகக் கல்லூரிக்குக் கட்டினார்கள். அரசுப் பணம் வரவில்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தேன். பணம் கிடைத்ததும் போய்ச் சொன்னேன். வயிறு கலங்கியது. பெரியவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "பாஸ்புக் காப்பி கொடுத்துட்டுப் போ" என்றார். அடுத்த தவணையில் கழித்துக்கொண்டார்கள்.

தோடு தீபாவளிக்கு முன் மீண்டது. வட்டி போனது போனதுதான்.

அந்தச் செல்போன் கடையிலேயே கைரேகை வைத்துத்தான் 12,000-ஐ எடுத்தேன். ஒரு தடவைக்குப் பத்தாயிரம்தான் என்றார், மறுநாள் மீதி. கணக்கில் இன்னும் வட்டி 61 ரூபாய் கிடக்கிறது. கணக்கை மூட வேண்டுமென்றால் இன்னொருக்கா ரேகை வைக்கச் சொல்கிறார். கிடக்கட்டும்.