கம்பத்து நிழலில் ஒரு ஒட்டகச்சிவிங்கி

கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் ஆறு வார ஸ்டூடியோ ஒன்று இருந்தது, அதாவது செய்துபார்த்துக் கற்கும் வகுப்பு. ஒரு பொது இடத்தில், போகிறவர் வருகிறவர் ஒரு நிமிஷமாவது விளையாடும்படி எதையாவது செய்ய வேண்டும். ஆணி அடிக்கக் கூடாது, சிமென்ட் பூசக் கூடாது, முடிந்ததும் இடம் பழையபடி ஆகிவிட வேண்டும். நாங்கள் ஐந்து பேர். எங்களுக்குக் கிடைத்தது ஒரு பஸ் நிறுத்தமும் அதன் அகலமான நடைபாதையும். பக்கத்துக் குழுவுக்குப் பூங்கா விழுந்ததில் எங்களுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

முதல் நாளே யோசனை தயார். 2009-இல் ஸ்டாக்ஹோமின் ஓடன்பிளான் நிலையத்தில் மெட்ரோ படிகளைப் பியானோக் கட்டைகளாக மாற்றினார்களே, அதேபோல எங்கள் நடைபாதையையும் பாட வைப்பது. எஸ்கலேட்டரை விட்டுப் படியேறியவர்கள் வழக்கத்தைவிட 66 சதவீதம் அதிகம் என்று அந்த வீடியோ சொல்வதையும் பெருமையாக எடுத்துவிட்டோம்.

"அந்த வீடியோவை எடுத்தது யார்?" என்று வகுப்பை நடத்திய மேடம் கேட்டார். வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் விளம்பர முயற்சி அது. "சரி, தினமும் அதே படியில் ஏறுகிறவருக்கு மூன்றாவது வாரம் அது எப்படியிருக்கும்?" எங்களிடம் பதில் இல்லை. "முதலில் போய்ப் பாருங்கள். போன் வேண்டாம், நோட்டு போதும்."

ஒரு வாரம் பார்த்தோம். மணிக்குப் பதினைந்து நிமிஷம், நிற்கிறவர், உட்கார்கிறவர், கடந்து போகிறவர் என்று கோடு போட்டு எண்ணினோம். முதல் இரண்டு நாள் சலிப்பு தாங்கவில்லை. நியூயார்க்கின் சதுக்கங்களில் 1970-களில் இப்படியே உட்கார்ந்து கவனித்த வில்லியம் ஒயிட், ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால் மனிதர்கள் அதைச் சில அங்குலமாவது நகர்த்திவிட்டுத்தான் உட்காருகிறார்களாம், அதனால் லாபம் எதுவும் இல்லாவிட்டாலும். மேடம் இதைச் சொன்னபோது சிரித்தோம். மூன்றாம் நாள் எங்களுக்கும் ஒரு நாற்காலி மாட்டியது.

நிறுத்தத்தில் கூரை இல்லை, ஒரே ஒரு விளக்குக் கம்பம்தான். காலை வெயிலில் அதன் நிழல் நடைபாதையில் ஒல்லியாக நீளும். அந்த நிழலுக்குள் ஆறேழு பேர் ஒருவர் பின் ஒருவராக, ரேஷன் வரிசைபோல நிற்பார்கள். நிழல் நகர நகர, போனிலிருந்து தலையை எடுக்காமலே வரிசையும் அரை அடி, ஒரு அடி என்று நகரும். இந்த விளையாட்டை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதைப் பார்த்த பிறகும் புத்தி வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் வாரம் அட்டையில் பெரிய சக்கரம் செய்து, 'இன்று உங்கள் மனநிலை என்ன? முள்ளைத் திருப்புங்கள்' என்று எழுதிக் கொண்டுபோய் வைத்தோம். கீழே மூன்று வரியில் செய்முறை வேறு. மூன்று மணி நேரத்தில் ஒருவர்கூட முள்ளைத் தொடவில்லை. ஒரு பெரியவர் மட்டும் முழுதாகப் படித்துவிட்டு, "எந்தக் கம்பெனி விளம்பரம்பா இது?" என்றார். இன்னொருவர் கையெழுத்து ஏதும் போட வேண்டுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். நாங்களோ ஐந்து பேரும் ஒரே மாதிரி டீ-ஷர்ட்டில், கையில் கேமராவோடு, அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். யாருக்குத்தான் விளையாடத் தோன்றும்?

அன்று மாலை சக்கரத்தைக் கிழித்துப் போட்டோம். அப்புறம்தான் நிழல் நினைவுக்கு வந்தது. கம்பத்தின் அடியில் ஒட்டகச்சிவிங்கியின் உடம்பையும், நிழல் முடிகிற இடத்தில் தலையையும் சாக்பீஸால் வரைந்தால், கழுத்தைச் சூரியன் போட்டுவிடும். கொஞ்ச நேரத்தில் நிழல் திரும்பி, சுருங்கி, கழுத்து விலகிப் போகும். அப்போது அது அடுத்த படத்துக்குத் தூண்டிலாகட்டும், அதற்கடுத்ததற்குக் குடைக்காம்பாகட்டும். ஒரு வார்த்தை எழுத வேண்டியதில்லை.

வரைவது எளிது, அனுமதி வாங்குவதுதான் பாடாகிவிட்டது. நடைபாதை ஒரு அலுவலகத்துக்கு, கம்பம் இன்னொன்றுக்கு, நிறுத்தம் மூன்றாவதற்கு. மூவருமே அடுத்தவரைக் கை காட்டினார்கள். சொல்லாமலே வரைந்துவிடலாம் என்று எங்களில் இரண்டு பேர் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன், பயம்தான் காரணம். அப்போது கைகொடுத்தது சான் பிரான்சிஸ்கோ கதை. 2005-இல் ரீபார் என்ற குழு, ஒரு பார்க்கிங் மீட்டரில் இரண்டு மணி நேரத்துக்குக் காசு போட்டு, கார் நிற்கும் இடத்தில் புல்தரையும் பெஞ்சும் மரமும் வைத்துச் சின்னப் பூங்கா ஆக்கியது. காசு கட்டியவர் அங்கே காரைத்தான் நிறுத்த வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை என்பதே அவர்கள் பிடித்துக்கொண்ட சந்து. எங்களுக்கும் சந்து தேவைப்பட்டது. 'ஓவியம் வரைய அனுமதி' என்ற கடிதத்தைக் கிழித்துவிட்டு, 'தண்ணீரில் கரையும் சாக்பீஸ், மூன்று நாள், எதையும் பதிக்கவோ கட்டவோ மாட்டோம், நாங்களே கழுவிவிடுவோம்' என்று எழுதிக் கொடுத்தோம். கூடவே அளவோடு ஒரு வரைபடம். ஓவியம் என்ற சொல்லைப் பார்த்துத் தயங்கிய அதே அதிகாரி, இதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "யாராவது வழுக்கி விழுந்தால்?" நல்ல கேள்வி. கல்லூரி வாசலில் சாக்பீஸை அப்பித் தண்ணீர் ஊற்றி, செருப்போடு நடந்து பார்த்தோம். கெட்டியாகத் தீட்டிய இடம் வழுக்கியது. ஆகவே வெறும் கோட்டோவியமாக மாற்றிக்கொண்டோம். அது இன்னும் அழகாகவும் அமைந்துவிட்டது.

முதல் நாள் விடியற்காலையில் வரைந்துவிட்டு, எதிர்ச் சாரிக்குப் போய், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்போல நின்றுகொண்டோம். டீ-ஷர்ட் இல்லை. கழுத்து வந்து தலையில் பொருந்தியபோது முதலில் கவனித்தவர் தன் முன்னால் நின்றவரின் தோளைத் தட்டித் தரையைக் காட்டினார். முன்பின் தெரியாத இரண்டு பேர் கழுத்துக்குள் நிற்பதைத் தாங்களே கண்டுபிடித்துச் சிரித்தார்கள். எங்கள் தோழி குதித்தே விட்டாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. தூண்டில் படம், பார்வையற்றோருக்காகப் பதித்த மேடுள்ள ஓடுகளுக்குப் பக்கத்தில் இருந்தது. படத்தைப் பார்க்கக் கூடியவர்கள் அந்த ஓடுகள்மேலேயே நின்றுவிட்டார்கள். கோலைத் தட்டிக்கொண்டு வந்த ஒருவர் இரண்டு பேர்மேல் மோதி நின்றார். வரைபடத்தில் படத்தின் அளவு இருந்தது, பார்க்க நிற்பவர்களின் அளவு இல்லை. ஓடிப்போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "என்ன வரைந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னோம். "கம்பத்தைத் தொட்டால் எனக்கு அதன் கழுத்து கிடைக்குமா?" என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றே தூண்டிலை அழித்தோம்.

இரண்டாம் நாள் மேகமூட்டம். நிழலே இல்லை. ஒரு உடம்பு இங்கே, ஒரு தலை அங்கே, நடுவில் ஒன்றுமில்லை. மானம் போகிறதே என்று கழுவிவிடக் கிளம்பினோம். அதற்குள் பள்ளிப் பையோடு வந்த ஒரு சிறுமி நடுவில் போய்ப் படுத்தாள். நீளம் போதவில்லை. எழுந்து போய்த் தம்பியை இழுத்து வந்து தன் தலைமாட்டில் படுக்க வைத்தாள். அப்போதும் எட்டவில்லை. "யாராவது வாங்க, கழுத்து பத்தல!" என்று கத்தினாள். ஆபீஸ் பை வைத்திருந்த ஒருவர், படுக்காமல், குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை நீட்டி மீதியை நிரப்பினார். அவருடைய பஸ் வந்தது, அதை விட்டுவிட்டார்.

ஆறு வாரத்தில் நாங்கள் யோசிக்காத இன்னொன்று, வெயில் இல்லாத நாள். வேலையை மதிப்பிடும் ஜூரியில் அதை முன்கூட்டியே திட்டமிட்டதாகச் சொல்லலாமா என்று ஒரு பேச்சு எழுந்தது. சொல்லவில்லை. எப்படியும் மேடம் கண்டுபிடித்திருப்பார்.

மூன்றாம் நாள் மாலை வாளியும் துடைப்பமுமாகப் போனோம். ஒட்டகச்சிவிங்கியின் தலைமேல் யாரோ கரியால் ஒரு குருவி வரைந்திருந்தார்கள். எங்கள் கோடுகள் ஒரே வாளித் தண்ணீரில் கரைந்தன. குருவி போகவில்லை. எழுதிக் கொடுத்தது சாக்பீஸுக்கு மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டு வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.