லாஷம் கிளைடர் போட்டி: மழை, டிரெய்லர், ஒரு பார்லி வயல்

கிளைடர் (இன்ஜின் இல்லாத விமானம்) போட்டியை வேடிக்கை பார்க்க மட்டும் போகிறேன் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். மத்தியானம் வரிசையாகக் கிளம்பிப் போவார்கள். சாயங்காலம் சிலர் திரும்பி வருவார்கள். நடுவில் நாலு மணி நேரம் காலி ஓடுபாதையையும் மேகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். யார் எங்கே பறக்கிறார்கள் என்று போனில் புள்ளி புள்ளியாகக் காட்டும். அதைப் பார்க்க வீட்டு சோபாவே போதும். போனால் க்ரூவாகப் போக வேண்டும். க்ரூ என்றால் பைலட்டின் எடுபிடி. காலையில் கிளைடரைப் பாகம் பாகமாகச் சேர்த்துக்கொடுத்து, வரிசையில் கொண்டுபோய் நிறுத்தி, அவர் எங்காவது வயலில் இறங்கிவிட்டால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போய் அள்ளி வரும் ஆள். பிரிட்டனின் தேசியப் போட்டிக்காக ஹாம்ப்ஷயரில் இருக்கும் லாஷம் போய் வந்து என் பூட்ஸ் இன்னும் காயவில்லை. சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

பைலட், அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர். வழக்கமாக அவர் மனைவிதான் க்ரூ. இந்த முறை மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. "டிரெய்லர் ஓட்டுவாயா?" என்று பைலட் கேட்டார். டீசலும் ராத்திரிச் சாப்பாடும் பைலட் செலவு என்பது அந்த உலகத்தின் எழுதாத சட்டம். அதைக் கேட்டதும் சரி என்றேன். முன்பெல்லாம் 1997 முதல் லைசென்ஸ் எடுத்தவர்கள் கனமான டிரெய்லரை இழுக்கத் தனியாக ஓட்டிக் காட்டித் தேர்வில் தேற வேண்டும். 2021 டிசம்பரில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். சாதாரண கார் லைசென்ஸே போதும். எட்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள வெள்ளைக் குழாய் ஒன்றைப் பின்னால் கட்டிக்கொண்டு ஹாம்ப்ஷயர் சந்துகளில் ரிவர்ஸ் எடுக்கும்போது, அந்தத் தேர்வு அப்படியொன்றும் கெட்ட யோசனை இல்லை என்று தோன்றும்.

லண்டன் வாட்டர்லூவிலிருந்து ஆல்ட்டன் வரை ரயில். அதோடு தண்டவாளம் முடிகிறது (அதற்கு அப்பால் ஆல்ரெஸ்ஃபோர்ட் வரை பழைய நீராவி ரயில்தான், அது சுற்றுலாவுக்கு). அங்கிருந்து லாஷம் ஏழு கிலோமீட்டர்கூட வராது. பஸ்ஸுக்கு நின்று பார்த்துச் சலித்து ஒரு டாக்ஸியில் ஏறினேன். கூடாரம், தூங்கும் பை, ஒரு அட்டைப்பெட்டி. டிரைவர் அட்டைப்பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், 28 பவுண்டு என்றார். ஏழு கிலோமீட்டருக்கு! பேரம் பேசினேன். "ஏர்ஃபீல்டு ரோடு சார், திரும்பி வரும்போது சவாரி கிடைக்காது" என்றார். இந்த வசனம் உலகம் பூராவும் ஒன்றுதான் போலிருக்கிறது, மீனம்பாக்கத்திலும் இதையே கேட்டிருக்கிறேன். அந்த 28 பவுண்டு எனக்கு நாலு நாள் காலைச் சாப்பாடு. க்ளப்புக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஆல்ட்டன் பக்கமாக வருகிற யாராவது ஏற்றிக்கொண்டு வந்திருப்பார்கள் என்று அப்புறம் பக்கத்துக் கூடாரத்துக்காரர் சொன்னார். குறித்துக்கொள்ளுங்கள்.

லாஷம் 1942-ல் போருக்காகக் கட்டிய விமானதளம். 1944 ஏப்ரலில் இங்கிருந்து கிளம்பிய 613-வது ஸ்குவாட்ரனின் மொஸ்கிட்டோ விமானங்கள் ஹேக் நகரில் ஒரே ஒரு கட்டடத்தைக் குறிவைத்துக் குண்டு போட்டன. டச்சு மக்களின் அடையாளப் பதிவேடுகளை ஜெர்மானியர்கள் வைத்திருந்த கட்டடம் அது. இப்போது அதே ஓடுபாதையில் ஃபைபர் கிளைடர்கள். உலகத்தின் பெரிய கிளைடிங் க்ளப்களில் இதுவும் ஒன்று. விடிந்ததும் க்ளப் கேன்டீனில் முட்டை, சாசேஜ், பீன்ஸ் மணம் வரும். விலை நியாயம், அளவு தாராளம்.

ஆனால் முதலில் மழை. விடாத மழை. பத்து மணி ப்ரீஃபிங்கில் வானிலைக்காரர் எழுந்து வரைபடத்தைக் காட்டுவார், முன்வரிசையில் யாரோ பெருமூச்சு விடுவார், "இன்றைக்கு ஸ்க்ரப்" (ரத்து) என்று போட்டி இயக்குநர் அறிவிப்பார், எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள். நான் சாட்டன் போனேன். ஜேன் ஆஸ்டின் 1809 முதல் 1817 வரை இருந்த வீடு, ஆல்ட்டன் பக்கத்திலேயே. டிக்கெட் விலையைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினேன், மழை தள்ளி உள்ளே விட்டது. அந்த அம்மா எழுதிய மேஜையைப் பார்த்தேன். பன்னிரண்டு மூலை, வால்நட் மரம், நம் வீட்டு மணைப்பலகையை ஒற்றைக் காலில் நிறுத்திய அளவுதான். நாவல்களை எழுதியதும் திருத்தியதும் அதன்மேல்தானாம். பணம் போனது உறுத்தவில்லை.

அப்புறம் அந்த நாள் வந்தது. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

காலையில் மழை இல்லை. ஆனால் மேகம் ஆல்ட்டன் மேட்டு மரங்களை உரசிக்கொண்டு இருந்தது. ஆனாலும் வரிசை போடச் சொன்னார்கள். எங்களுடையது ஒரு ஸ்டாண்டர்டு சிர்ரஸ். 1969-ல் வந்த ஜெர்மன் மாடல், 15 மீட்டர் இறக்கை. க்ளப் கிளாஸ் போட்டியில் எல்லாமே இப்படிப்பட்ட பழைய கிளைடர்கள்தான். எதற்கு எவ்வளவு திறன் என்று பார்த்து ஹேண்டிகேப் வைத்து மதிப்பெண்ணைச் சமன் செய்துவிடுவார்கள். காசு உள்ளவன்தான் ஜெயிப்பான் என்ற பேச்சுக்கே இடமில்லாத பிரிவு. அதனாலேயே எனக்குப் பிடித்தது. இறக்கையின் முன்விளிம்பை ஈரத்துணியால் துடைத்தேன். ஒட்டியிருந்த பூச்சிகளையும் விடக்கூடாதாம், அதுவே காற்றின் ஓட்டத்தைக் கெடுத்துவிடும். இறக்கையும் உடலும் சேருகிற இடுக்குக்கு வெள்ளை டேப். கண்ணாடிக் கூண்டின் வெளியே மூக்குக்கு நேராக ஒரு சிவப்புக் கம்பளி நூல் ஒட்டியிருந்தது, விரல் நீளம். கிளைடர் நேராகப் போகிறதா, பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று பைலட் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். உள்ளே ஆயிரக்கணக்கான பவுண்டுக்கு கம்ப்யூட்டர், வெளியே கால் காசு பெறாத நூல், இரண்டில் நூலைத்தான் அதிகம் நம்புகிறார்கள்.

காத்திருந்தோம். பதினொன்றரை, பன்னிரண்டு, பன்னிரண்டரை. அரை மணிக்கு ஒருமுறை "அடுத்த முடிவு அரை மணியில்" என்று ரேடியோ சொன்னது. பைலட் பாராசூட்டை மாட்டுவார், கழற்றுவார். நான் கொண்டுபோன அட்டைப்பெட்டியின் மகிமை இங்கேதான் தெரிந்தது. அதில் புளிக்காய்ச்சல், அப்பளம், ஒரு சின்ன கேஸ் அடுப்பு. ஓடுபாதை ஓரத்தில் சோறு வடித்துப் புளியோதரை கிளறியதும் பக்கத்து க்ரூக்கள் தட்டோடு வந்து நின்றார்கள். நியூசிலாந்துக்காரர் ஒருவர் மூன்று முறை வாங்கினார்.

ஒன்றரைக்கு மேகம் கிழிந்து வெயில் விழுந்தது. மோப்பம் பிடிக்க ஒருவரை மேலே அனுப்பினார்கள். ஏறுகிறது என்று ரேடியோவில் சொன்னார். அவ்வளவுதான், இழுவை விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக கிளைடர்களை 2000 அடிக்கு இழுத்துக்கொண்டு போயின. டாஸ்க், அதாவது அன்றைக்குப் பறக்க வேண்டிய பாதை: லாஷமிலிருந்து மேற்கே டிவைசஸ், அங்கிருந்து வடகிழக்கே டிட்காட், திரும்ப லாஷம். கிட்டத்தட்ட 180 கிலோமீட்டர். நல்ல நாளில் இதெல்லாம் ஒரு டாஸ்க்கே இல்லை. அன்றைக்கு மேகத்தின் அடிவயிறே 2500 அடியில்.

இங்கே கொஞ்சம் வானிலை. வெயில் தரையைச் சூடாக்குகிறது, சூடான காற்று குமிழாக மேலே போகிறது. அதுதான் தெர்மல். கிளைடர் அதற்குள் வட்டமடித்து ஏறும், பிறகு நேராகச் சறுக்கிக்கொண்டு அடுத்த தெர்மலைத் தேடும். சிர்ரஸ் மாதிரி கிளைடர் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அசையாத காற்றில் 35 கிலோமீட்டருக்கு மேல் போகும். ஆனால் மழைக்கு அடுத்த நாள் காற்றில் ஈரம் அதிகம். மேலே ஒரு வெதுவெதுப்பான அடுக்கு மூடி போட்டிருக்கும். தெர்மல் உண்டாக்கிய மேகங்கள் அந்த மூடியில் முட்டி, உயர முடியாமல் பக்கவாட்டில் பரவி ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். சூரியன் மறையும், தரை ஆறும், தெர்மல் செத்துவிடும். அரை மணியோ ஒரு மணியோ கழித்து மேகம் கலைந்தால் மறுபடி உயிர் வரும். அதுவரை காற்றில் தொங்கிக்கொண்டிருப்பவன் பிழைத்தான். வேகமாகப் போனவன் வயலில். அன்றைக்கு வேகம் என்பது முட்டாள்தனம், பொறுமைதான் ஆட்டம்.

எங்கள் ஆள் டிவைசஸைத் தொட்டுவிட்டார். அங்கிருந்து டிட்காட் பக்கம் திரும்பியதும் வில்ட்ஷயரே நிழலாகிவிட்டது. நாலே காலுக்கு என் போனில் ஒரு இருப்பிடக் குறி, கீழே ஒரே வார்த்தை: "பார்லி." அதே நேரத்தில் முகாமில் இருந்த போன்கள் எல்லாம் சிணுங்க ஆரம்பித்தன. கேட்டில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றன.

பேசிங்ஸ்டோக், எம்3, ஏ303 சாலைகள், ஆண்டோவர் தாண்டி வடக்கே பியூசி பள்ளத்தாக்கு. டிரெய்லர் கட்டினால் மோட்டார்வேயில் மணிக்கு 60 மைல், சாதாரண இருவழிச் சாலையில் 50 மைல், அதற்கு மேல் போகக்கூடாது. பின்னால் வருகிறவன் திட்டுவான், திட்டட்டும். ஆனால் அந்த ரூட்டைச் சொல்லியே ஆக வேண்டும். சுண்ணாம்புக் குன்றுகள், சரிவில் வெள்ளையாகச் செதுக்கிய குதிரை உருவம், கூரை வேய்ந்த வீடுகள். எந்த டூர் கம்பெனியும் இந்தச் சந்துக்குள் உங்களைக் கூட்டிக்கொண்டு வராது. இருபுறமும் வேலி, கண்ணாடியை மடக்கினால்தான் எதிரே வரும் டிராக்டர் போகும் என்கிற அளவுக்கு அகலம். நான் ஸ்டோன்ஹெஞ்சைக் காசு கொடுத்துப் பார்த்தவன். இது அதைவிடப் பல மடங்கு உசத்தி, அதுவும் அடுத்தவர் டீசலில்.

கேட்டில் விவசாயி நின்றிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு. நான் இறங்கியதும் "மாட்டு வயலில் இறங்காமல் போனாரே, அதுவரை புத்திசாலி" என்றார். மாடுகள் கிளைடரை நக்கும், உரசும், மிதிக்கும். ஆகவே அறுவடை முடிந்து அடித்தாள் மட்டும் நிற்கும் வயல்தான் இந்த விளையாட்டில் பொன். கோதுமையோ சோளமோ நிற்கும் வயலில் இறங்கினால் பயிரும் போச்சு, கிளைடரும் போச்சு. பைலட் வயலின் மேல் கோடியில் இறக்கையில் சாய்ந்துகொண்டு ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி இன்னொரு போட்டி கிளைடர், அதே வயலில். நம்பிக்கைக்குரிய வயல் என்றால் எல்லோருக்கும் கண்ணில் படும் போலிருக்கிறது.

பிரிப்பது லேசு என்பார்கள். வால் சிறகை முதலில் எடுக்க வேண்டும். பிறகு டேப்பை உரித்து, உள்ளே கையை விட்டு ஒவ்வொரு கன்ட்ரோல் இணைப்பையும் கழற்றி, இரண்டு இறக்கையையும் பிணைக்கும் ஆணியை உருவ வேண்டும். ஒருவர் நுனியைப் பிடிக்க, ஒருவர் அடியைப் பிடிக்க. அடிப்பக்கம் என்ன கனம் என்கிறீர்கள்! எங்களுக்கு அந்த ஆணி பாதியில் மாட்டிக்கொண்டது. நுனியை ஒரு விரல்கடை தூக்கு, இறக்கு, இல்லை தூக்கு என்று பைலட் சொல்லிக்கொண்டே இருந்தார், எனக்குச் சுள்ளென்று வந்தது. அதற்குள் மேகம் கலைந்து அழகான சாயங்கால வெயில். மேலே யாரோ இரண்டு பேர் அந்த வெயிலில் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். பைலட் அதைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை எழுத முடியாது.

திரும்பும் வழியில் பசி. கிராமத்து பப்பில் ஒன்பது மணிக்கே அடுப்பை அணைத்துவிடுவார்கள், நாங்கள் போனது ஒன்பதே கால். உடம்பெல்லாம் வைக்கோல் தூசி. கல்லாவில் இருந்த அம்மா வாசலில் நின்ற டிரெய்லரைப் பார்த்துவிட்டு உள்ளே போனார், இரண்டு தட்டோடு வந்தார். கோழியும் லீக் என்ற வெங்காய வகையும் உள்ளே வைத்துச் சுட்ட மாவுப் பண்டம், 'பை' (pie) என்பார்கள். மேலோட்டை ஃபோர்க்கால் உடைத்ததும் ஆவி முகத்தில் அடித்தது, கீழே வெண்ணெயும் மிளகுமாக கெட்டிக் குழம்பு, பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு. ஆங்கிலேயர் சாப்பாட்டில் ருசி இல்லை என்று ஊர் பூராவும் சொல்லித் திரிந்தவன் நான். அன்றைக்குத் தட்டை ரொட்டியால் துடைத்தேன். பில் பைலட்டுடையது.

அன்று டாஸ்க்கை முடித்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். நல்ல நாளில் முதலாவது வருகிறவருக்கு 1000 புள்ளி. பெரும்பாலோர் சீக்கிரமே வயலில் இறங்கிவிட்டால் அந்த நாளின் மதிப்பே குறையும், ஜெயித்தவருக்கும் முழு ஆயிரம் தேறாது. அது நியாயமில்லை என்பது என் கட்சி. கஷ்டமான நாளில் வீடு திரும்பியவனுக்கு அல்லவா கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? அதிர்ஷ்டம் கலந்த நாளுக்குக் குறைவாகத்தான் மதிப்பு வைக்க முடியும் என்று பைலட் வாதாடினார், வயலில் இறங்கியும்!

மீதி நாட்களில் சொல்ல ஒன்றுதான். வெயில் பளீரென்று அடித்த ஒரு நாளில் தெற்கே கடலிலிருந்து காற்று உள்ளே வந்தது. கடல் காற்று குளிர்ச்சி. அது வந்த இடத்தில் தெர்மல் நின்றுவிடும், மேகம் துடைத்துவிட்டது போல வானம் நீலமாகிவிடும். ஆனால் அதன் முன்விளிம்பில், உள்நாட்டுச் சூட்டுக் காற்றோடு மோதுகிற கோட்டில், காற்று மேலே எழும். திரைச்சீலை மாதிரி தாழ்வாகக் கந்தல் மேகம் தொங்கும். எங்கள் ஆள் வட்டமே அடிக்காமல் அந்தக் கோட்டோடு சறுக்கி வந்து, கடைசியாக உயரம் சேர்த்துக்கொண்டு செத்த காற்றுக்குள் பாய்ந்து, வேலியைத் தாண்டி வந்து இறங்கினார். அன்றைக்கு ஆறாவது. முடிவில் பட்டியலின் நடுவில் எங்கோ. கடைசி நாள் மறுபடி மழை.

செலவு: டாக்ஸி கொள்ளையையும் சாட்டனையும் சேர்த்தும், லண்டனில் ஒரு வார இறுதிக்கு ஆகிற தொகையைவிடக் குறைவு. க்ரூவுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை, எந்த கிளைடிங் க்ளப்பில் கேட்டாலும் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வார்கள். முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ், போனுக்கு பவர்பேங்க், நெற்றியில் கட்டுகிற டார்ச், இந்த மூன்றும் கட்டாயம். போனை வாயில் கவ்விக்கொண்டு வெளிச்சம் காட்டியபடி இறக்கை தூக்க முடியாது.