இரண்டு நாள் மௌனம்

நேற்று ராத்திரி இரண்டரை மணிக்குக் கரண்ட் போனது. திருவல்லிக்கேணி வீட்டில் ஃபேன் நின்றதுமே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். லேப் இன்குபேட்டரில் என் செல்கள் இருக்கின்றன. போன வருடம் மே மாதத்தில் ஒரு இரவு ஜெனரேட்டர் கைகொடுக்காமல், மூன்று வாரம் வளர்த்த நியூரான்கள் அத்தனையும் போயின. நூல் நூலாக ஓடிய கிளைகள் மறுநாள் மணி மணியாக அறுந்து கிடந்தன. அன்று சாப்பிடவே முடியவில்லை.

இந்த முறை தப்பித்தன. காலை ஆறரைக்கே போய்ப் பார்த்தேன். 37 டிகிரி, கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம். அப்பாடா!

எலிக் கருவின் மூளைச் செல்கள் இவை. கண்ணாடி வில்லையில் விதைத்தால் இரண்டு வாரத்தில் தாங்களாகவே இணைந்து பேச ஆரம்பித்துவிடும். அந்தப் பேச்சை டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு விட்டு நிறுத்தியிருக்கிறேன். பேத்தை மீனில் இருக்கும் அதே நஞ்சு. செல்லுக்குள் சோடியம் நுழையும் வாயில்களை அடைத்துவிடும், மின் துடிப்பே எழாது. 48 மணி நேரம் அப்படி.

"அதுங்க வாயை எதுக்குடி கட்டிப் போடுற?" என்றார் அம்மா.

வாயைக் கட்டினால் காது கூர்மையாகிறதம்மா. செல்கள் பேசப் பயன்படுத்தும் வேதிப்பொருள் குளுட்டமேட். அதைப் பிடிக்கும் 'ஆம்பா' என்ற ஏற்பிகளை அந்தச் செல்கள் இணைப்புகளில் கூடுதலாகக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. மாறாக, பைகுகுலின் என்ற வேதிப்பொருளை விட்டு அடக்கும் சமிக்ஞைகளைத் தடுத்தால் வலை முழுக்க ஓயாமல் துடிக்கும். அப்போது ஏற்பிகள் குறையும். அமெரிக்க நரம்பியல் விஞ்ஞானி ஜீனா டூரிஜியானோவின் குழு 1998-ல் இதைக் காட்டியது.

அதில் எனக்கு மிகப் பிடித்தது கணக்கு. ஏற்பிகள் எல்லா இணைப்பிலும் ஒரே விகிதத்தில் கூடுகின்றன. வலுவானது வலுவானதாகவும், மெலிந்தது மெலிந்ததாகவுமே இருக்கும். செல் தன்னைச் சரிக்கட்டிக்கொள்கிறது, ஆனால் இணைப்புகளுக்கு நடுவே இருந்த வித்தியாசத்தைத் தொடுவதில்லை. கற்றது அந்த வித்தியாசத்தில்தானே இருக்கிறது!

அளப்பதற்குப் பொறுமை வேண்டும். ஊசி போன்ற கண்ணாடி பிப்பெட்டின் நுனியைச் செல்மேல் வைத்து, குழாயில் வாயால் மெல்ல உறிஞ்சி, மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டு உள்ளே திறந்துவிட்டால், துடிப்பே இல்லாத செல்லிலும் திரையில் குட்டிக் குட்டிப் பள்ளங்கள் விழும். ஒவ்வொன்றும் எங்கோ குளுட்டமேட் நிரம்பிய ஒரு நுண்பை தானாக உடைந்ததன் தடம். சாதாரணச் செல்லில் பள்ளத்தின் ஆழம் 10, 15 பிகோ ஆம்பியர், மிக மிகச் சிறிய மின்னோட்டம். மௌனமாக இருந்த செல்லில் பள்ளம் ஆழமாகும். முதல்முறை அதைப் பார்த்த அன்று, மணி பதினொன்றானதே தெரியாமல் பதிவு செய்துகொண்டிருந்தேன்.

இன்று மாலை ஐந்துக்கு 48 மணி நேரம் முடிகிறது. ஆறு வில்லைகள் இருக்கின்றன. மூன்றில் நஞ்சு, மூன்றில் வெறும் தண்ணீர். எது எது என்று எனக்குத் தெரியாதபடி தோழி லேபிளை மறைத்து ஒட்டியிருக்கிறாள்.