ஆடம்ஸ் முத்திரை போட்ட கவர்: தேடி, சரிபார்த்து, சான்றிதழ் வாங்கிய அனுபவம்

கலிஃபோர்னியா தங்க வேட்டைக் காலத்துத் தனியார் எக்ஸ்பிரஸ் கவர் ஒன்று, அதாவது தபால் துறைக்குப் பதில் தனியார் கம்பெனி கொண்டுபோன கடிதத்தின் உறை, வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இப்போது ஒன்று வாங்கி, நிபுணர் சான்றிதழும் கைக்கு வந்துவிட்டது. அசல்தான் என்று எதை வைத்து நம்பினாய் என நண்பர்கள் சிலர் கேட்டார்கள், அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

இந்தக் கவர்கள் மேல் ஏன் இவ்வளவு ஆசை என்று முதலில் சொல்ல வேண்டும். 1848 ஜனவரியில் கொலோமாவில் ஜேம்ஸ் மார்ஷல் கண்ணில் தங்கம் பட்டது, அடுத்த வருஷமே உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்துவிட்டார்கள். தபால் துறையால் ஈடுகொடுக்க முடியவில்லை. கிழக்கிலிருந்து வரும் கடிதம் பனாமா வழியாகக் கப்பலில் சான் பிரான்சிஸ்கோ வரை வந்து சேரும், அதோடு சரி. மலையில் மண் அலசிக்கொண்டிருப்பவன் வேலையைப் போட்டுவிட்டு இறங்கி வந்து தபால் ஆபீஸ் வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் முன்னால் நின்ற இடத்தையே காசுக்கு விற்றவர்கள் இருந்தார்கள். 1849ல் அலெக்சாண்டர் டாட் என்பவர் இந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். யாருக்குக் கடிதம் வந்திருக்கிறது என்று அவர் போய் விசாரிக்கும் பட்டியலில் பெயர் சேர்க்க ஒரு டாலர், கடிதத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் ஒரு அவுன்ஸ் தங்கம். அவுன்ஸ் அப்போது சுமார் 16 டாலர், அரசுத் தபால் கட்டணமோ 40 சென்ட். அதைக் கொடுத்தும் வாங்கினார்கள் என்றால் வீட்டிலிருந்து வரும் நாலு வரிக்கு எவ்வளவு ஏங்கியிருப்பார்கள்!

அப்புறம்தான் பெரிய கம்பெனிகள். ஆடம்ஸ் 1849 கடைசியில் வந்தது, வெல்ஸ் ஃபார்கோ 1852ல் வந்தது, இடையில் ஊருக்கு ஊர் சின்னச் சின்ன எக்ஸ்பிரஸ்காரர்கள். நம்ம ஊர் கூரியர் மாதிரிதான், ஆனால் இங்கே ஒரு வேடிக்கை: கடிதம் தபால் ஆபீஸ் பக்கமே போகாவிட்டாலும் அரசுக்குரிய கட்டணத்தைக் கட்டியாக வேண்டும். 1852 ஆகஸ்ட் 31 சட்டம் அப்படி. அரசின் தபால்தலை அச்சிட்ட உறையில், ஒட்டி மூடி, தேதி வெளியே தெரிகிற மாதிரி இருந்தால் தனியார் தூக்கிக்கொண்டு போகலாம். அந்த உறைகளை நியூயார்க்கில் ஜார்ஜ் நெஸ்பிட் தயாரித்தார், 1853லிருந்து விற்பனைக்கு வந்தன. சேகரிக்கும் எங்களுக்கெல்லாம் அவை நெஸ்பிட் உறைகள். கம்பெனிகள் அதை வாங்கித் தங்கள் பெயரையும் மேலே அச்சடித்து, இரண்டு கட்டணத்தையும் சேர்த்து விற்றன. வெல்ஸ் ஃபார்கோ பெயர் அச்சிட்ட உறைகள் நிறையவே கிடைக்கின்றன, ஆரம்பிப்பவர்களுக்கு அது போதும். எனக்கு ஆடம்ஸ்தான் வேண்டியிருந்தது, ஏனென்றால் அந்தக் கம்பெனியின் ஆயுள் குறைவு. 1855 பிப்ரவரி 23ஆம் தேதி அது மூழ்கியது, பணம் போட்டிருந்த சுரங்கத் தொழிலாளிகளும் அதோடு மூழ்கினார்கள்.

முதலில் ஆன்லைன் ஏலத்தில் ஒன்று பார்த்தேன். பசிஃபிக் எக்ஸ்பிரஸ் கம்பெனியின் முத்திரை, பளிச்சென்று, 3 சென்ட் நெஸ்பிட் உறைமேல். ஆடம்ஸ் மூழ்கியதும் அதன் ஊழியர்களே சேர்ந்து 1855ல் தொடங்கிய கம்பெனி இது, அதனால் கிட்டத்தட்ட நான் தேடியதுதான். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, உறையில் அச்சிட்ட தபால்தலையில் வாஷிங்டன் தலையைச் சுற்றியிருக்கும் எழுத்து வளையத்தில், இடமும் வலமும், குட்டி நட்சத்திரம் ஒவ்வொன்று. நட்சத்திரம் உள்ள அச்சு 1860ல்தான் வந்தது. பசிஃபிக் எக்ஸ்பிரஸ் 1857லேயே முடிந்துவிட்டது. மூடின கம்பெனி எப்படி மூன்று வருஷம் கழித்து வந்த உறையில் முத்திரை குத்தும்? உறை அசல், முத்திரை பின்னால் யாரோ செய்தது. விற்பவருக்கு எழுதினேன், பதில் இல்லை, கவர் நல்ல விலைக்குப் போய்விட்டது. அதை வாங்கியவரை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை. இந்தத் துறையில் போலிகள் பெரும்பாலும் இப்படித்தான்: மலிவான அசல் உறையை எடுத்து, விலை உயர்ந்த முத்திரையை அதன்மேல் ஏற்றிவிடுவது.

அதன்பிறகு கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் பர்லிங்கேமில் வருஷா வருஷம் ஏப்ரலில் வெஸ்ட்பெக்ஸ் அஞ்சல்தலைக் கண்காட்சி நடக்கும். மேற்குப் பகுதி கவர்களுக்கென்றே உள்ள வெஸ்டர்ன் கவர் சொசைட்டிக்காரர்களும் அங்கே வருவார்கள். அங்கே ஒரு டீலரின் பெட்டியைப் பொறுமையாகப் புரட்டியதில் இது கிடைத்தது: 3 சென்ட் நெஸ்பிட், சொனோரா ஊரின் ஆடம்ஸ் முத்திரை, ஆகஸ்ட் மாதத் தேதி, சான் பிரான்சிஸ்கோ வியாபாரி ஒருவருக்கு முகவரி. வருஷம் இல்லை. அந்தக் காலத்து எக்ஸ்பிரஸ் முத்திரைகள் நிறையவற்றில் மாதமும் நாளும் மட்டும்தான் இருக்கும்.

வருஷத்தை இப்படிப் பிடித்தேன். நெஸ்பிட் உறை 1853க்கு முன்னால் கிடையாது. ஆடம்ஸ் 1855 பிப்ரவரியோடு சரி. ஆகஸ்ட் என்றால் 1853 அல்லது 1854, வேறு வழியே இல்லை. 3000 மைலுக்குள் போகும் கடிதத்துக்கு அப்போது 3 சென்ட், அதுவும் பொருந்துகிறது. கடைசியில் உறையின் இடது ஓரத்தில், நெடுக்காக, பழுப்பேறிய மையில், கடிதத்தைப் பெற்றவர் குறித்து வைத்த வரி இருந்தது, அதில் 1854 என்று தெளிவாகவே இருந்தது. அந்த நிமிஷம் கிடைத்த சந்தோஷத்துக்காகவே இதையெல்லாம் சேகரிக்கலாம்.

டீலரிடம் சொல்லிவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நெஸ்பிட் காகிதத்தில் சாய்வான கோடுகளும், தபால் துறையின் முதலெழுத்துகள் நீர்க்குறியாகவும் தெரியும்; இரண்டும் இருந்தன. புற ஊதா விளக்கில் எந்த இடமும் வெள்ளையாக மின்னவில்லை, அதாவது இக்காலக் காகிதம் வைத்து ஒட்டுப்போடவில்லை. லென்ஸில் பார்த்தபோது முத்திரை மை காகித நாருக்குள் இறங்கியிருந்தது, தபால்தலை அச்சின் மேடுபள்ளத்தின் மேலும் விட்டுப்போகாமல் ஓடியது. எனக்குத் திருப்தி. ஆனாலும் நிபுணர் குழுவின் கருத்துக்கு உட்பட்டே வாங்குகிறேன், போலி என்று வந்தால் பணம் திரும்ப வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். நல்ல டீலர் யாரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார், சுளித்தால் கவரை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சான்றிதழுக்கு நியூயார்க்கில் உள்ள ஃபிலாடெலிக் ஃபவுண்டேஷன் என்ற அஞ்சல்தலை நிபுணர் அமைப்புக்கு அனுப்பினேன். விண்ணப்பத்தில் நாம் என்ன கேட்கிறோம் என்பதைச் சரியாக எழுத வேண்டும். உறை அசலா என்று மட்டும் கேட்டால் உபயோகமில்லை, எக்ஸ்பிரஸ் முத்திரை இந்த உறையிலேயே அந்தக் காலத்தில் போடப்பட்டதா என்பதுதான் கேள்வி. இரு பக்கமும் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, ரிஜிஸ்டர் தபாலில், இன்ஷூரன்ஸோடு. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. படம் ஒட்டின சான்றிதழில் உறையும் முத்திரையும் அசல் என்று வந்தது. கூடவே, மேல் மடிப்பில் சின்னக் கிழிசல் இருப்பதையும் குறித்திருந்தார்கள், அது எனக்கு முன்பே தெரியும், விலையிலும் பேசியிருந்தேன்.

இப்போது மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் உறையில் சான்றிதழோடு சேர்த்து வைத்திருக்கிறேன். பிவிசி உறையில் மட்டும் வைத்துவிடாதீர்கள், காகிதம் கெட்டுப்போகும். கிழிசலையும் டேப் போட்டு ஒட்டாமல் அப்படியே விட்டிருக்கிறேன். அடுத்து டவுனிவில் பக்கத்து மலை ஊர்களுக்கு ஓடிய லாங்டன் பயனீர் எக்ஸ்பிரஸ் கவர் ஒன்று தேடுகிறேன், விலை கூடுதல்தான், அடுத்த வெஸ்ட்பெக்ஸ் வரை பணம் சேர்க்க வேண்டும்.