மியூ என் போடாத

ஏப்ரல் 17, வியாழன்
ஆஸ்பத்திரில அப்பா கால இழுத்துப் பிடிக்க கட்டின கயித்துல நாலு கிலோ எடைக்கல்லு தொங்குது. கயித்துல 40 நியூட்டன். ராத்திரி பூரா அதையே பாத்துட்டு இருந்தேன்.

ஏப்ரல் 19, சனி
அப்பாவுக்கு இன்னைக்கும் ஆபரேஷனுக்கு ஃபிட்னஸ் குடுக்கல, சுகர் 280. வராண்டால உக்காந்து என் நீட் பசங்க அனுப்பின ஃபிசிக்ஸ் டவுட்ட பாத்தேன். 30 டிகிரி சாய்தளம், 5 கிலோ கட்டை, உராய்வு கெழு மியூ 0.7, கட்டை அசையாம நிக்குது, உராய்வு எவ்ளோ. ஒரு பொண்ணு மறுபடியும் மியூவையும், தளம் கட்டைய தள்ளற விசை 'என்'னையும் பெருக்கி 30.3ன்னு அனுப்பிருக்கு. வாய்ஸ் நோட்ல சொன்னேன், ஏம்மா, கட்டைய கீழ இழுக்கறது எம்ஜி சைன் தீட்டா, 25 தான், உராய்வு 30 குடுத்தா கட்டை தானா மேல ஏறிப் போயிடாதா? மியூ என்ங்கறது அதால முடிஞ்ச உச்சம், நிக்கற கட்டைக்கு கேட்ட அளவுதான் குடுக்கும், எப்.பி.டி, அதான் விசைய எல்லாம் அம்புக்குறியா காட்டற படம், அத போடாம ஃபார்முலால கைய வைக்காத. "ஓகே சார்"ங்குது. நாளைக்கும் 30.3 தான் வரும், தெரியும்.

ஏப்ரல் 22, செவ்வாய்
கட்டிலோட கால்பக்கத்துக்கு அடில மரக்கட்டை குடுத்து தூக்கி வெச்சிருக்காங்க. அஞ்சு நாளா பாக்கறேன், இன்னைக்குதான் உறைச்சுது, நான் சாய்தளத்து பக்கத்துலயேதான் உக்காந்திருக்கேன். கயிறு அப்பாவ கால்பக்கமா இழுக்குது, அவர் வெயிட்டு தலைப்பக்கமா இழுத்து அத சரிக்கட்டணும். அப்பா 62 கிலோ, 620 சைன் தீட்டா சமம் 40, நாலு டிகிரி கூட வரல, கட்டில் நீளம் 2 மீட்டர்னா 13 செ.மீ. தூக்கணும். சாண் வெச்சுப் பாத்தேன், அரை சாணுக்கு கொஞ்சம் மேல, சரியாத்தான் இருக்கு! யாருகிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. அம்மாகிட்ட சொன்னேன், "சாப்ட்டியா"ன்னுச்சு.

ஏப்ரல் 24
அண்ணன் எடுக்கல.

ஏப்ரல் 27, ஞாயிறு
மதியம் அப்பா வலி வலின்னு ஒரே சத்தம். சிஸ்டர் வரல, நான் தலகாணிய நகத்தி, பெட்ஷீட்ட இழுத்து விட்டு என்னென்னவோ பண்ணேன். பத்து நிமிஷம் கழிச்சுதான் கீழ குனிஞ்சேன். அம்மா டிபன் கேரியர் வைக்க ஸ்டூல உள்ள தள்ளிருக்கு, எடைக்கல்லு அது மேல ஒய்யாரமா உக்காந்திருக்கு, கயிறு தொய்ஞ்சு கெடக்கு. டென்ஷன் ஜீரோ. பதினோரு வருஷமா போர்டுல டி, டி, டின்னு எழுதறவன் கண்ணுக்கு முன்னாடி! ஸ்டூல இழுத்ததும் கயிறு விண்ணுன்னு நின்னுச்சு, அதுக்கும் அப்பா கத்துனாரு. அம்மாவ திட்டிட்டேன். திட்டிருக்கக் கூடாது.

ஏப்ரல் 30
லிஃப்ட் ரிப்பேர். லிஃப்ட் கயிறு அறுந்தா எடை ஜீரோன்னு கிளாஸ்ல சிரிச்சுட்டே சொல்லுவேன், இனிமே சொல்ல மாட்டேன்.

மே 2, வெள்ளி
சுகர் 170. திங்கக்கிழமை ஆபரேஷன்.
அண்ணன் 5,000 போட்டிருக்கான். ஃபோன் இல்ல, மெசேஜ் இல்ல, ஜிபே சத்தம் மட்டும்.
பொண்ணு கேக்குது, "சார் நீட்டுக்கு தோடு கழட்டணுமா, புது தோடு சார்." கழட்டும்மா. ஒன்றரைக்கு சென்டர் கேட்ட மூடிருவாங்க, பன்னெண்டுக்கே போயிரு, பேனா அவங்களே குடுப்பாங்க. அப்புறம் ராத்திரி 11 மணிக்கு ஒரு ஃபோட்டோ, அதே கணக்கு, மார்ஜின்ல சின்னதா எப்.பி.டி, அம்புக்குறி கோணலா இருந்தாலும் மூணும் இருக்கு. 25 நியூட்டன். பதிலுக்கு ஒண்ணும் அனுப்பல, எடுத்து எடுத்து பாத்துட்டு இருந்தேன்.

மே 4, ஞாயிறு
இன்னைக்கு நீட். ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் மணியவே பாத்தேன். 180 கேள்வில 45 நம்ம ஃபிசிக்ஸ். தப்புக்கு ஒரு மார்க் போகும், தெரியலன்னா விட்டுருன்னு நூறு தடவ சொல்லிருக்கேன், எங்க விடுவானுங்க.
5:40க்கு ஃபோன். "சார், ஃபிசிக்ஸ் செத்துட்டோம் சார்." பின்னாடி பஸ் ஹாரன். அழுகையா ஹாரனான்னு பிரிச்சுப் பாக்க முடியல. சாய்தளம் வந்துச்சான்னு கேக்க வாயெடுத்துட்டு, மொதல்ல போய் சாப்பிடும்மான்னு வெச்சுட்டேன். அம்மா மாதிரியே.

மே 5
எட்டு மணிக்கு உள்ள கொண்டு போறாங்களாம். கல்ல கழட்டறப்ப கயித்த நான் பிடிச்சுக்கணும், பொசுக்குன்னு விட்டுறக் கூடாதுன்னு சிஸ்டர் சொல்லிட்டு