மூன்றாம் முறை சுட்ட சாளை

வீட்டுக் கொல்லையில் மீன் சுடும் முயற்சி மே மாதத்தில் தொடங்கியது. முதல் முறை காய்ந்த சிரட்டையை (கொட்டாங்கச்சி) அடுக்கி, மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்து, எரிகிற தீயிலேயே மீனைக் காட்டினேன். வெளியே புகைக்கரி, உள்ளே பச்சை, நடுவில் மண்ணெண்ணெய் மணம். பூனைகூட முகர்ந்துவிட்டு நகர்ந்தது. ஜூனில் கடைக் கரி வாங்கி, கோழிக்கூட்டுக்கு வாங்கியதில் மிஞ்சிய கம்பிவலையை மேலே போட்டேன். இந்த முறை மீன் வெந்தது, ஆனால் தோல் முழுக்க வலையில் ஒட்டிக்கொண்டது. முள்ளும் சதையும் தனித்தனியாகத்தான் தட்டுக்கு வந்தன. அம்மாவின் தீர்ப்பு: "உள்ள கேஸ் அடுப்பு இருக்கு, தோசைக்கல்லு இருக்கு. வெளிய என்னத்துக்கு இந்தப் பாடு?"

இது ஆகஸ்ட் முதல் ஞாயிறின் கதை.

மழை விட்டிருந்ததால் காலை ஆறரைக்கே கொல்லையில் இறங்கினேன். நாகர்கோவிலில் ஆடி மாதம் என்றால் சாரல் வரும், போகும், காற்று மட்டும் போகாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் அத்தனை காற்றாலைகளை நட்டிருப்பது சும்மா இல்லை. அந்தக் காற்றில் முருங்கைக் கிளை ஒன்று முறிந்து துணிக்கொடி மேல் விழுந்து கிடந்தது. எப்படியும் வெட்டவேண்டிய மரம்தான். காய்ப்பு முடிந்ததும் நெஞ்சுயரத்துக்கு வெட்டிவிட்டால் புதுத் தளிர் அடித்து, கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கும். வெட்டிய கிளைகளை விறகாக்கலாம் என்று என் மகள் ஆசையாக அடுக்கினாள். முருங்கை விறகுக்கு உதவாது. தண்ணீர் கோத்த பஞ்சு மாதிரி, எரியாமல் புகைந்துகொண்டே இருக்கும். இலையை நான்கு வீட்டுக்குப் பங்கு வைத்தோம். தடித்த இரண்டு கம்பை மட்டும் வேலியோரம் நட்டேன், பிழைத்தால் பிழைக்கட்டும்.

அடுத்து எருக்குழி. மேலே கிடந்த ஓலையை விலக்கி மம்பட்டியால் ஒரு வெட்டு வெட்டியதும் வெள்ளை வெளேரென்று, கட்டைவிரல் தடிமனில், சுருண்டு கிடந்தன புழுக்கள். முதலில் மண்ணுக்கு நல்லது செய்கிற ஏதோ என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். தேங்காய் பறிக்க வருகிற அண்ணனுக்கு போனில் படம் அனுப்பினால் உடனே அழைத்தார். "அது காண்டாமிருக வண்டுக்க குஞ்சு மக்கா. ஒங்க குட்டைத் தென்னையப் போய்ப் பாரு." போய்ப் பார்த்தேன். புது ஓலைகள் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல முக்கோணம் முக்கோணமாக நறுக்குண்டிருந்தன. இத்தனை நாள் காற்றுக்குக் கிழிந்தது என்று இருந்துவிட்டேன். வண்டு குருத்தைத் துளைத்துத் தின்னும்போது ஓலை இன்னும் மடங்கியே இருக்கும். அது விரிந்த பிறகுதான் வெட்டு வெளியே தெரியும். முட்டையிடுவதும் புழு வளர்வதும் எருக்குழியில். ஆக, தென்னைக்கு எரு சேர்க்கிறேன் என்று தென்னையின் எதிரியை நானே வளர்த்திருக்கிறேன்.

குழியை முழுக்கக் கிளறி 23 புழு எடுத்தோம். பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கு அன்று கல்யாணச் சாப்பாடு. இதில் ஒரு மணி நேரம் போனது. வெண்டையும் புடலையும் ஊன்ற வைத்திருந்த விதை பையிலேயே இருக்கிறது. ஆடிப்பட்டம் முடிய இன்னும் சில நாள் இருக்கிறதே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

பத்து மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தேன். முதலில் வெல்டிங் பட்டறை. கோழிக்கூட்டு வலையில் மீன் சுட்டதைச் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். அதில் இருப்பது துத்தநாகப் பூச்சு, தணலில் வைத்து அதன்மேல் சாப்பாட்டுப் பொருளை வைக்கவே கூடாது என்றார். 6 மில்லிமீட்டர் எவர்சில்வர் கம்பிகளை விரல் இடைவெளியில் சட்டத்தோடு பற்றவைத்துத் தந்தார். 850 ரூபாய். கொஞ்சம் அதிகம்தான், ஆனால் பாரமாக, ஆடாமல் இருக்கிறது.

அப்புறம் மளிகைக் கடையில், வண்டை விரட்ட, பாச்சை உருண்டை (அந்துருண்டை). குருத்தையொட்டிய மட்டை இடுக்குகளில் மூன்று உருண்டை வைத்து மேலே மணல் போடவேண்டும், 45 நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பது அந்த அண்ணன் சொன்ன கணக்கு. குட்டைத் தென்னை என்பதால் ஏணி போதும்.

மீனுக்கு வடசேரி. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடைக்காலம், 61 நாள். அது முடிந்த முதல் ஞாயிறு என்பதால் சந்தையில் நடக்கவே இடமில்லை. நெய்மீன் விலையைக் கேட்டுவிட்டு மரியாதையாக விலகி வந்தேன். சுடுவதற்குச் சாளைதான் சரி. உடம்பில் எண்ணெய் இருப்பதால் தணலில் வறண்டு போகாது. (சென்னைக்காரர்கள் மத்தி என்பார்கள்.) மீன்கார அக்கா கண்ணையும் செவுளையும் காட்டி, "பாத்து எடு மக்களே, கொளச்சல் மீனு" என்றார். ஒரு கிலோவுக்கு 22 நின்றது.

கடைசியாகத் தேய்ப்புக் கடை. சட்டை வாங்கத்தான் போனேன். அங்கே பார்த்ததுதான் இந்த நாளின் உபயோகமான விஷயம். அவர் பெட்டிக்குப் போடுவதும் சிரட்டைக்கரிதான். அதைத் தனி இரும்புச் சட்டியில் பற்றவைத்துவிட்டு, பெட்டியைத் தொடாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம்ணே?"

"கறுப்புத் தெரியுற வரைக்கும் எடுக்கமாட்டேன். மேல வெள்ளை பூக்கணும். அதுக்கு முன்னால போட்டா புகையும், துணியில கறை பிடிக்கும்."

நான் மே மாதம் செய்த தப்பு இரண்டே வரியில் விளங்கிவிட்டது. கரியாக்காத சிரட்டை பற்றும்போது முதலில் எரிவது அதிலிருந்து கிளம்பும் புகைதான். அது எரிந்து தீர்ந்த பின் மிஞ்சுகிற கரிதான் நின்று சூடு தரும். அந்தக் கரியோ சிரட்டையின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. கையில் இருக்கும் ஒரு சாக்குச் சிரட்டையை எரித்துக் கரியாக்கப் பொறுமை இல்லை. அவரிடமே இரண்டு கிலோ கரி வாங்கிக்கொண்டேன். சட்டையை மறந்துவிட்டு வந்து, மறுபடி ஒரு நடை போனது தனிக் கதை.

வீட்டுக்கு வந்ததும் செங்கல்லை 'ப' மாதிரி மூன்று பக்கம் அடுக்கினேன். சாந்து எதுவும் இல்லை. ஜூனில் வாயை மேற்கே வைத்திருந்தேன், மேற்குக் காற்று நேராக உள்ளே புகுந்து கரியைப் பத்து நிமிடத்தில் தின்றுவிட்டது. இந்த முறை முதுகு மேற்குக்கு, வாய் கிழக்குக்கு. பற்றவைக்கத் தென்னையின் சில்லாட்டையும் (மட்டையடி வலைநார்) காய்ந்த கொதும்பும் (பாளை உறை), மண்ணெண்ணெய் இல்லை. சாரலில் நனைந்த செங்கல் ஒன்று சூடேறியதும் 'டப்' என்று விரிசல் விட்டது. எல்லோரும் துள்ளிவிட்டோம். அடுத்த முறை செங்கல்லைத் திண்ணையில் வைக்கவேண்டும்.

இதற்குள் மீனைக் கழுவி, பக்கத்துக்கு இரண்டு கீறல் போட்டு, துணியால் ஈரம் ஒற்றி எடுத்தேன். இதுவும் புதிது. ஈரத்தோல்தான் கம்பியில் ஒட்டும். மிளகாய்த்தூள், மஞ்சள், நல்லமிளகு, உப்பு, அரைத்த சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), கொஞ்சம் தேங்காய் எண்ணெய். எலுமிச்சை இப்போது வேண்டாம், சுட்ட பிறகு பிழியலாம். முன்பு புளிப்பில் ஊறவிட்டதில் சதை ரப்பராகியிருந்தது.

கரி பற்றி 25 நிமிடம் ஆனது. என் கை விசிறியைத் தேடியது. மகள், "வெள்ளை பூக்கலப்பா" என்று காவல் இருந்தாள். பூத்த பிறகு தணலில் முக்கால் பங்கை ஒரு பக்கம் ஒதுக்கி, மறு பக்கத்தில் லேசாகப் பரப்பினேன். கம்பித் தட்டை மேலே வைத்து ஐந்து நிமிடம் காயவிட்டு, தோசைக்கல்லுக்குச் செய்கிற மாதிரி பாதி உள்ளியை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தேன். உள்ளங்கையை மேலே பிடித்தால் நான்கு எண்ணுவதற்குள் இழுக்கவேண்டியிருந்தது. சரி என்று முதல் ஏழு மீனைப் போட்டேன்.

இரண்டு நிமிடத்தில் எண்ணெய் சொட்டித் தீ எழும்பியது. ஜூனாக இருந்தால் தண்ணீர் தெளித்துச் சாம்பலைக் கிளப்பியிருப்பேன். இப்போது மீனை லேசான பக்கத்துக்குத் தள்ளினேன், தீ தானே அடங்கியது. மூன்றாவது நிமிடம் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன், தோல் பிய்ந்தது. விட்டுவிட்டேன். நாலரையில் மற்றவை தாமாகவே கம்பியை விட்டு எழும்பின. தோல் வெந்து முறுகும் வரை கம்பி அதை விடாது போல. மறுபக்கத்துக்கு மூன்று நிமிடம் போதும். 22-ல் 17 முழுசாக வந்தது. மூன்றுக்குத் தோல் போனது, ஒன்று கம்பி இடுக்கில் தணலில் விழுந்தது, ஒன்றை அதே பழைய பூனை. அது இந்த முறை முகர்ந்து பார்க்கக்கூட நிற்கவில்லை.

கொல்லையில் பிடுங்கிய மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கு) உள்ளே அவித்திருந்தார்கள். சாளையும் மரச்சீனியும் வாழையிலையில். நான் சொல்லவேண்டியது எதுவும் இல்லை. அம்மா நான்கு மீன் சாப்பிட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. உப்பு ஒரு பிடி குறைவு என்பது என் சொந்தக் கணிப்பு.

கை கழுவிவிட்டு வந்து தணலை மண் போட்டு அணைக்கப் போனேன். அம்மா ஒரு தேங்காய்ச் சில்லும் நான்கு வற்றல் மிளகாயும் கொண்டுவந்து அடுப்பு முன்னால் குந்தினாள்.

"அணைக்காத. இவ்வளவு நல்ல தணல். ராத்திரி கஞ்சிக்குத் தொவையல் ஆச்சு."

சில்லைக் கம்பியில் குத்தித் தணலில் காட்டித் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் அம்மியைக் கழுவப் போனேன்.